என் காதாக இருந்த ஹமீது நானாவுக்கு

அன்பு மாறாத ஹமீது நானா,

ரயில் பதுளைக்கு வந்துவிட்டது. இதை முதலில் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் மனதில் ஏறாது என்று எனக்குத் தெரியும். பண்டாரவளையில் இறங்கி, வண்டிக்காரனோடு வாக்குவாதம் பண்ணி, மழையில் நனைந்த பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் வந்து சேர்ந்த பாதை இனி நமக்கு வேண்டாம். கண்டியில் அச்சாகும் ‘மலைக்கானம்’ இப்போது நேராக நம் ஊர் ஸ்டேஷனிலேயே இறங்குகிறது. போன மாதக் கட்டில் ஒரு தாள்கூட நனையவில்லை. பிரித்துப் பார்த்தபோது ஏனோ அது நம் பத்திரிகை போலவே எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்கள் மச்சான் கடையை ஒழுங்காகத்தான் பார்த்துக்கொள்கிறார். புதிதாகச் சீத்தைத் துணி இறக்கியிருக்கிறார், கூட்டம் வருகிறது. பாட்டுப்பெட்டியை மட்டும் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். விலைக்குக் கேட்டவர்களிடம், அது விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாராம். அவருக்குப் பாட்டில் ஆசை இல்லையே, பிறகு ஏன் அப்படிச் செய்தார்? உங்களுக்குத் தெரியுமா?

இந்தக் கடிதத்தைக் கச்சேரிக் குறிப்புகள் வரும் பக்கத்தில் அச்சிடுகிறேன். இத்தனை காலம் அந்தப் பக்கத்தை நிரப்பியவர் நீங்கள். புதிய சந்தாதாரர் பலருக்கு அது தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களிடம் சொல்லப்போகிறேன். ‘இதெல்லாம் எனக்குத் தெரியும் மாஸ்டர், மேல போங்க’ என்று கையை ஆட்டாமல் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பதுளைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நீங்கள் கடைத்தெருவில் துணிக்கடை முதலாளி, எனக்கு அண்ணன் முறையில் நானா. தீபாவளிக்கு வேட்டி எடுக்க வந்த என் காதில், உங்கள் கடைப் பாட்டுப்பெட்டியில் யாரோ ஒரு பெண் பாடிய கீர்த்தனை விழுந்தது. பாதியிலேயே குரல் தடித்து, ஆண் குரலாகி, முனகலாகிவிட்டது. “சுருதி இறங்குதுங்களே” என்றேன். நீங்கள் வேட்டியை அளந்துகொண்டே, “பெட்டிக்குப் பசிக்குது” என்று சொல்லிவிட்டுச் சாவியை முறுக்கினீர்கள். வேட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டிய நான், உங்களிடம் இருந்த பாட்டுத் தட்டுகள் அத்தனையையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

உங்களுக்குப் பாட்டு என்றால் உயிர். பள்ளிவாசல் பெரியவர்கள் சிலர் அதற்காக முகம் சுளித்ததுண்டு. “நான் பாடல்லயே, கேக்கத்தானே செய்றேன்” என்று சொல்லி அவர்களைச் சிரிக்கவைத்துவிடுவீர்கள். சம்பள ஞாயிறுகளில் துணி மூட்டையோடு லுணுகலை, பசறை, பூனாகலைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்வருவீர்கள். போன இடத்தில் யார் பாடினார்கள், எந்த லயத்தில் யார் உடுக்கை அடித்தார்கள் என்று வந்து சொல்வீர்கள். ஒரு நாள் கல்லாவில் உட்கார்ந்தபடி நீங்கள் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

“மாஸ்டர், இந்த மலையில எத்தன பேர் பாடுறாங்க. ஒருத்தரப் பத்தி மத்தவருக்குத் தெரியாது. நீங்க எழுதுங்க. அச்சடிக்கிறத நான் பாத்துக்கிறேன்.”

அப்படித்தான் ‘மலைக்கானம்’ பிறந்தது. உங்கள் விருப்பம் ஒரு மாதிரி, நான் நடத்தியது வேறு மாதிரி. ராக லட்சணம், ஸ்வரக் குறிப்பு, அக்கரையிலிருந்து வருகிற வித்துவான்களின் கச்சேரி விமரிசனம் என்று பக்கங்களை நிரப்பினேன். தோட்டத்து உடுக்கைக்காரருக்கு அதில் இடம் இல்லை. ஒரு பாகவதர் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் சுருதியை விட்டு விலகினார் என்று எழுதினேன். எழுதியது உண்மைதான். ஆனால் அந்த வரியை அவர் மறக்கவில்லை.

இதற்குள் அந்தக் காய்ச்சல் வந்தது. லுணுகலைக்கும் கீழே, வெக்கை நாட்டில் ஒரு கோயில் திருவிழாவில் நல்ல நாயனக்காரர் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தனியாகப் போனேன். நாயனமும் கேட்டேன், நுளம்பு என்கிற காய்ச்சல் கொசுவிடம் கடியும் வாங்கினேன். திரும்பி வந்ததும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மருந்துக்காரர் கொயினா மருந்தைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தார். அவர் கொடுத்திராவிட்டால் நான் இன்று இல்லை. காதுக்குள் சில்வண்டுகள் இரைந்தன. காய்ச்சல் போனபோது சில்வண்டுகளும் போய்விட்டன. காலையில் எழுந்து, மழை விட்டுவிட்டது என்று நினைத்து வெளியே வந்தேன். தொப்பலாக நனைந்தேன். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

என் மனைவி பாக்கியம் ஓடிவந்து என்னை உள்ளே இழுத்தாள். அவள் வாய் அசைந்தது. அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் கேட்கும் என்றார்கள். கேட்கவில்லை. நான் எழுதுகோலை எடுத்து, அடுத்த இதழுக்கு ஒரு அறிவிப்பு எழுதினேன். ஆசிரியருக்குக் காது கேளாமல் போய்விட்டது, இனிக் கச்சேரி விமரிசனம் வராது, பத்திரிகையை நிறுத்துவது பற்றி யோசித்துச் சொல்கிறோம் என்று அதில் இருந்தது. அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் என் வீட்டு வாசலில் நின்ற கோலம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. எனக்குக் கேட்காது என்பதையே மறந்துபோய் ஏதோ கத்தினீர்கள். நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் பள்ளிக்கூடச் சிலேட்டை எடுத்து, வரிவரியாக எழுதிக் காட்டினாள்.

‘உங்க சிநேகிதர் கத்துறாரு. கடையில போய் நின்னு எனக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லித் துணி விப்பீங்களான்னு கேக்குறாரு.’

“கேக்காத பாட்டைக் கேட்டேன்னு என்னால எழுத முடியாது நானா” என்றேன். என் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் பின்னுக்கு நகர்ந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வாசல் திண்ணையில் உட்கார்ந்தீர்கள். பிறகு பாக்கியத்திடம் ஏதோ மெல்லச் சொன்னீர்கள். அவள் எழுதினாள்: ‘கேட்டவங்க வந்து சொன்னா, அதை எழுதுவீங்களான்னு கேக்குறாரு.’

அறிவிப்பில் கடைசி வரியை மட்டும் வெட்டினேன். மற்றது அப்படியே வெளியாயிற்று. சிலர் சந்தாவை நிறுத்தினார்கள். சிலர் அனுதாபம் எழுதினார்கள். நீங்கள் என் காதாக இருக்க ஒப்புக்கொண்டீர்கள். ஆனால் நாம் இருவரும் பேசுவது எப்படி?

அங்கேதான் சிக்கல். உங்களுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வரும், எழுத வராது. கடைக் கணக்கு, வீட்டுக் கடிதம் எல்லாவற்றையும் அரபெழுத்தில்தான் தமிழாக எழுதுவீர்கள், உங்கள் ஆட்கள் எல்லோரும் எழுதுவது போல. எனக்கு அந்த எழுத்து தெரியாது. சிலேட்டு நடுவில் கிடந்தது. நான் ‘அ’ எழுதிக் காட்டினேன். நீங்கள் ‘அலிப்’ எழுதிக் காட்டினீர்கள். இரண்டு நாள் இழுபறி. கடைசியில் பாக்கியத்தைக் கூப்பிட்டு, “வாத்தியார் அவர்தானே, அவர் படிக்கட்டும்” என்று சொல்லச் சொன்னீர்கள்.

படித்தேன். வலமிருந்து இடமாகக் கண்ணை ஓட்டுவதற்குள் கழுத்தே வலித்தது. என் எழுத்தைப் பார்த்து உங்கள் கடைப் பையன்கள்கூடச் சிரித்தார்கள். பிடிபட்ட பிறகு ஒன்று விளங்கியது. அரபெழுத்தில் நீங்கள் இலக்கணம் பார்க்கவில்லை, பேசுகிறபடியே எழுதினீர்கள். ‘இருக்குது’ உங்கள் வாயில் ‘ஈக்குது’ என்றால், ‘சொல்றார்’ ‘செல்றார்’ என்றால், எழுத்திலும் அப்படியேதான். வாசிக்க வாசிக்க உங்கள் குரல் எனக்குத் திரும்பக் கிடைத்தது. வேறு யார் குரலும் அப்படிக் கிடைக்கவில்லை.

நீங்கள் கொண்டுவந்த முதல் கச்சேரிக் குறிப்பு, ‘மிச்சம் நல்லாப் பாடினார்’ என்பது, அதாவது மிகவும் நன்றாகப் பாடினார் என்று. அவ்வளவுதான். எந்த ராகத்தை விரித்தார், எங்கே நிறுத்தினார், தாளம் எப்படி என்று நான் துளைத்தேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. சிலேட்டில் கீறல் விழும்படி எழுதினீர்கள்.

‘அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? முன்னுக்கு ஈந்த கங்காணி பாட்டு முடியுமட்டும் கொட்டாவி உட்டார். பின்னுக்கு ஒரு கிழவர் கண்ணத் துடைச்சார். அவர்ட கிட்டப் போய்க் கேட்டேன். ஊர்ல அவர்ட தம்பி இந்தப் பாட்டுப் பாடுவாராம். தம்பி இப்ப இல்லையாம்.’

நான் அதையே எழுதினேன். ராகத்தின் பெயரை எழுதவில்லை. அந்தக் கிழவரை எழுதினேன். அந்த மாத இதழுக்கு வந்த கடிதங்கள் போல அதற்கு முன் வந்ததில்லை.

பிறகு பூனாகலையில் காமன் கூத்துக்குப் போய்விட்டு வந்து, தப்பு அடித்தவரின் வலது கையில் துணி சுற்றியிருந்ததை எழுதினீர்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட கையாம். அந்தக் கையோடு விடியும்வரை அடித்தாராம். ரதியாக வேஷம் கட்டிய இளைஞனுக்கு மீசையை எடுக்க மனமில்லாமல் மஞ்சளைப் பூசி மறைத்ததையும் எழுதினீர்கள். உங்களுக்குச் சுருதி தெரியாது நானா. ஆனால் பாடுகிறவர் எதைத் தாங்கிக்கொண்டு பாடுகிறார் என்று தெரியும். இரண்டு காதும் நன்றாக இருந்த காலத்தில் எனக்கு அது கேட்கவில்லை. லுணுகலைக் கடையில் நம் பத்திரிகை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் விற்பனைக்கு இருந்ததும், ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை அதை வாசித்துக் காட்டப் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நின்று கேட்டதும் இதற்குப் பிறகுதான்.

இனிப் பண்டாரவளையைப் பற்றி எழுதவேண்டும். இதை எழுதாமல் தாண்டிப் போகலாமா என்று யோசித்தேன். எதையும் மறைப்பதில்லை என்று பிறகு நாம் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு அது சரியாக வராது.

அந்தப் பாகவதர் மறுபடி வந்திருந்தார். வியாபாரிகள் சேர்ந்து கச்சேரி ஏற்பாடு செய்து, நம் இருவரையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பாதிக் கச்சேரியில் அவர் பாட்டை நிறுத்திவிட்டு ஏதோ பேசினார். கூட்டம் சிரித்தது. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. என்ன சொல்கிறார் என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் சிலேட்டைக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தீர்கள். பிறகு எழுதினீர்கள்.

‘பத்திரிகையப் பத்தி நல்லாச் செல்றார்.’

நான் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பி அவரைக் கும்பிட்டேன். கூட்டத்துக்கும் கும்பிட்டேன். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. சிலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் நம்மீது எத்தனை பிரியம் என்று நினைத்தேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதையும் கவனித்தேன். கூச்சம் என்று எண்ணிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டாள். நாலைந்து நாள் கழித்து, தண்ணீர்ப் பீலியிலிருந்து குடத்தோடு வந்தவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு நேராகச் சிலேட்டை எடுத்தாள்.

‘ஊரெல்லாம் பேசிக்கிறாங்க. நீங்க மட்டும் தெரியாம இருக்கக்கூடாது’ என்று முதலில் எழுதினாள். துடைத்துவிட்டு மீதியை எழுதினாள். அந்தப் பாகவதர் சொன்னது இதுதான்: “இந்த ஊரில் செவிடர்தான் சங்கீதப் பத்திரிகை நடத்துகிறாராம். அடுத்த தடவை எனக்குப் பின்பாட்டுப் பாட ஒரு ஊமையை ஏற்பாடு செய்துவையுங்கள்.”

அதற்குத்தான் நான் எழுந்து கும்பிட்டிருக்கிறேன்.

நான் உங்கள் கடைப்பக்கம் வரவில்லை. நீங்கள் ஆள் அனுப்பினீர்கள். வரவில்லை. அந்த மாதம் கச்சேரிக் குறிப்புகள் இல்லாமலே இதழை அனுப்பினேன். பாகவதர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவர் பாட்டை நான் குறை சொன்னேன், அவர் என் காதைக் குறை சொன்னார். ஆனால் உங்கள் சிலேட்டை நம்பாமல் நான் எதை நம்புவது? இதற்கு முன்னும் இப்படி எத்தனை தடவை எழுதினீர்களோ என்று பழைய இதழ்களைப் புரட்டினேன். அந்தக் கிழவர் உண்மையில் அழுதாரா? தப்புக்காரர் கையில் துணி இருந்ததா? கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வேறு ஆள் ஏது?

கடைசியில் நீங்களே வந்தீர்கள். மத்தியானம். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தீர்கள். பாக்கியம் கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. சிலேட்டை எடுத்து எழுதினீர்கள், துடைத்தீர்கள், மறுபடி எழுதினீர்கள், மறுபடி துடைத்தீர்கள். கடைசியில் என் பக்கம் திருப்பினீர்கள்.

‘நீங்க என்னப் பாத்து என்னண்டு கேக்கக்குள்ள உங்கட முகம் சந்தோசமா ஈந்திச்சு. அதக் கெடுக்க எனக்கு ஏலல்ல.’

“நானா, கும்பிட்டது நான். சிரிச்சது என்னைப் பாத்து. அந்த இடத்தில என்ன நடக்குதுன்னு தெரியாத ஒரே ஆள் நான். காய்ச்சல் என்னைச் செவிடனாத்தான் ஆக்குச்சு. முட்டாளாக்கினது நீங்க.”

கடுமையாகத்தான் சொன்னேன். நீங்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டீர்கள். உங்களை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பாக்கியம் அடுப்படிக்குப் போய்விட்டாள். துண்டைத் தோளில் போட்டுவிட்டு எழுதினீர்கள்: ‘இனி நடக்காது.’

“கசப்பா இருந்தாலும்?”

‘கசப்பா ஈந்தாலும் எழுதுவன். நீங்களும் எனக்குப் பொய் செல்லப்படாது.’

“சொல்லமாட்டேன்.”

பழைய இதழ்களைப் பற்றியும் கேட்டேன். கிழவர் அழுதது மெய்தானா என்றேன். ‘அல்லாஹ் அறிய மெய்’ என்று எழுதினீர்கள். நம்பினேன். அடுத்த இதழில் பாகவதர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் அச்சிட்டோம். நான் எழுந்து கும்பிட்டதையும் அச்சிட்டோம். அவர் கச்சேரியின் பிற்பாதி மிக நன்றாக இருந்தது என்று நீங்கள் சொன்னதையும் சேர்த்தோம். ‘இதையும் போடணுமா’ என்று கேட்டீர்கள். நல்லாப் பாடினது மெய்தானே என்றேன். ஒரு பாட்டில் பெண்கள் பகுதியே அசையாமல் உட்கார்ந்திருந்ததாம். அதை மறைத்துவிட்டு நாம் என்ன பத்திரிகை நடத்துவது?

அதற்குப் பிறகு நீங்கள் கொஞ்சம் அளவு மீறியே உண்மை எழுதத் தொடங்கினீர்கள். என் தலைப்பாகை எனக்குப் பொருந்தவில்லை என்று பின்வரிசையில் பேசிக்கொண்டது, பதுளைக் கோயில் நிர்வாகி என் கட்டுரையைத் தூக்க மருந்து என்றது, எதையும் விடவில்லை. எழுதும்போது உங்கள் மீசை துடிக்கும். நானும் சிரிப்பேன். நாம் நன்றாக இருந்தது அந்தக் காலத்தில்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு உங்களுக்கு வயிற்றில் வலி வந்தது. துணி மூட்டையைத் தூக்க முடியவில்லை என்றீர்கள். பிறகு சாப்பிட முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்தார். உங்கள் வீட்டாரும் மச்சானும் எல்லோரிடமும் வாயுக் கோளாறு, மருந்துக்குக் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். கேட்டிருக்கக்கூடாதோ என்று எனக்குத் தோன்றியது. சிலேட்டுக்குக் கை நீட்டினீர்கள். பிடிக்கப் பலமில்லை. நான் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டேன்.

‘கட்டி ஈக்குதாம். சுகமாகாதாம். இவங்கள் யாருக்கும் நான் செல்லல்ல. உங்களுக்குச் செல்லாம ஏலாது.’

வாசித்தேன். சிலேட்டை வாங்கி என் வேட்டியில் துடைத்தேன். நாம் இருவரும் ஜன்னல் வழியே எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்காகப் பொய் எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. அன்றைக்கு அந்தப் பொய்க்காக உங்களிடம் அத்தனை கோபப்பட்டவன், இன்றைக்கு ஒரு பொய் எழுதியிருக்கலாமே என்று நினைத்தேன். உங்களிடம் மறைப்பதற்கு இல்லை, நினைத்தேன்.

வீட்டாரிடம் நீங்களே சொல்லவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சொன்னீர்கள் என்று பிறகு அறிந்தேன். அதற்குப் பின் நான் தினமும், காது போனபின் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த கணக்கெழுத்து வேலை முடிந்து வருவேன். நீங்கள் கடைசியாக எழுதிய கேள்வி எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

‘எனக்குப் பொறவு பத்திரிக நடக்குமா? மெய்யச் செல்லுங்க.’

நடக்கும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சாகப்போகிற மனிதரிடம் வேறு என்ன சொல்வார்கள்? ஆனால் கேட்பது நீங்கள். “தெரியலைங்க நானா” என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். வலியோடு சிரித்தீர்கள். என் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு தடவை அழுத்தினீர்கள். எழுதவில்லை.

உங்கள் மையத்து எடுத்த அன்று நானும் வந்தேன். வீட்டுக்குள் யாசீன் ஓதுகிறார்கள் என்பதை முற்றத்தில் நின்றவர்கள் தலை குனிந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சிலேட்டு என் கையில் இருந்தது. எழுதித்தர ஆள் இல்லை. ஆகவே பார்த்ததைச் சொல்கிறேன். கடைத்தெருவில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. செட்டியார் கடையும் சிங்கள முதலாளியின் ரொட்டிக் கடையும் பூட்டித்தான் கிடந்தன. பூனாகலையிலிருந்து தப்புக்காரர் வந்திருந்தார், தப்பு இல்லாமல். ஓரமாக நின்றார். சந்தூக்கைத் தூக்கும்போது உங்கள் மச்சான் என்னைக் கூப்பிட்டுத் தோள் கொடுக்கச் சொன்னார். சில பெரியவர்கள் பார்த்தார்கள், யாரும் தடுக்கவில்லை. நீங்கள் இளைத்துப்போயிருந்தீர்கள், பாரமே தெரியவில்லை. பள்ளிவாசல் வரைக்கும் வந்து, தொழுகை முடியுமட்டும் வெளியே நின்றேன்.

அதற்குப் பிறகு பல மாதம் இந்தப் பக்கம் காலியாகவே வந்தது. ஒரு சந்தாதாரர், வேறு யாராவது கேட்டுச் சொல்லமாட்டார்களா என்று எழுதினார். ஒரு வாத்தியாரை வைத்துப் பார்த்தேன். அவர் ராகத்தின் பெயர்களை ஒழுங்காக எழுதிக் கொண்டுவந்தார். எனக்கு அது போதவில்லை. அவருக்கும் என் கேள்விகள் பிடிக்கவில்லை.

போன மாதம் பூனாகலையில் மாரியம்மன் திருவிழா. தனியாகக் கிளம்பினேன். பாக்கியம் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். அங்கே பெண்கள் பகுதியில் உட்கார்ந்து கும்மிப் பாட்டுக் கேட்டாள். நான் தூரத்தில் இருந்து வாய்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும் வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, கேட்காமலே எழுதினாள்.

‘மூணாவதா நின்ன பொண்ணுக்குத்தான் குரலு. ஆனா அது வாயைத் தொறக்கவே பயப்படுது. பக்கத்துல நின்னது அதோட மாமியா. மாமியா தண்ணி குடிக்கப் போனப்ப ரெண்டு அடி பாடுச்சு பாருங்க, எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க. மாமியா வந்ததும் நிறுத்திருச்சு. அந்த ரெண்டு அடிக்காகவே இன்னொரு தடவை போகலாம்.’

இதையெல்லாம் ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘நீங்க கேக்கலையே’ என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘நானா இருந்தாரு, நல்லாத்தான் சொன்னாரு’ என்றும் சேர்த்தாள். அவள் எழுதுவது உங்கள் எழுத்துப் போல இல்லை. அதில் உங்கள் குரல் இல்லை. அவள் குரல் இருக்கிறது. அந்தக் குரலைக் கடைசியாக மழையில் நனைவதற்கு முந்தின நாள் கேட்டேன். அது எப்படி இருந்தது என்பதையே மறந்துபோயிருந்தேன் நானா. கல்லில் உட்கார்ந்து வாசிக்கும்போது திரும்ப வந்தது.

அடுத்த இதழிலிருந்து இந்தப் பக்கத்தில் அவள் எழுதுவாள். பாக்கியம் என்று பெயர் போட்டே வரும். சிலர் முகம் சுளிப்பார்கள். நான் பாடவில்லையே, கேட்கத்தானே செய்கிறேன் என்று அவளும் சொல்லிக்கொள்ளட்டும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் அதே பதில்தான். பத்திரிகை எத்தனை நாள் நடக்கும் என்று தெரியாது. கடதாசி விலை ஏறியிருக்கிறது, எனக்கும் கண் மங்குகிறது. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். பத்திரிகையின் கடைசி இதழ் வரைக்கும், ஒருவர் பாடினார் என்று இதில் இருந்தால் அவர் பாடியிருப்பார். ஒருவர் அழுதார் என்று இருந்தால் அழுதிருப்பார். நம்மை ஊர் பார்த்துச் சிரித்தால், சிரித்தது என்றே இருக்கும். யாருடைய சந்தோஷத்துக்காகவும் ஒரு வரி மாறாது, என் சந்தோஷத்துக்காகவும்.

நீங்கள் மாஸ்டர் என்று கூப்பிட்ட
உங்கள் தம்பி,
சண்முகம்
பதுளை